‘நான் ஏத்தாச்சு’

அக்காவுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. தமிழிலும் வராது, மலையாளத்திலும் வராது. யாராவது ஒரு சிரமத்தைச் சொல்லத் தொடங்கினால், பாதி சொல்லும்போதே அவளுடைய வலது கை நீண்டுவிடும். எதையோ வாங்கிக்கொள்ளப் போவதுபோல உள்ளங்கை மேலே பார்த்தபடி இருக்கும். பிறகு அந்த வாக்கியம் வரும்: “நான் ஏத்தாச்சு.”

மலையாளத்தில் ‘ஞான் ஏற்று’ என்றால், இனி அந்தப் பொறுப்பு என்னுடையது, நீ போய் உன் வேலையைப் பார் என்று பொருள். அவள் அதைத் தன் போக்கில் தமிழாக்கி வைத்திருந்தாள். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். பிறந்து வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரி. பேசத் தமிழ், எழுத மலையாளம். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே ஊரில்தான் இருக்கிறாள். யாராவது இதை வாசித்துக் காட்டினால், முழுக்கக் கேட்டுவிட்டு, வாசித்தவருக்கு ஒரு சாயாவும் போட்டுக் கொடுப்பாள்.

நாங்கள் தென்காசியிலிருந்து வந்து அந்த வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியேறியபோது கேஸ் இணைப்பு மாறி வரவில்லை. என் கணவருக்கு எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலை. எனக்கு மட்டாஞ்சேரியிலேயே ஒரு மிளகு குடோனில் தரம் பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. முதல் நாள் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். நைட்டி, தோளில் ஒரு தோர்த்துத் துண்டு, கையில் வேகவைத்த கப்பையும் மீன் கறியும்.

“கேஸ் இல்லையா? சாரமில்லை. என்கிட்ட ரெண்டு சிலிண்டர் உண்டு. நான் ஏத்தாச்சு.”

அரை மணி நேரத்தில் அவளே ஒரு சிலிண்டரைப் படிப்படியாக உருட்டி இறக்கிக்கொண்டு வந்தாள். எங்களுக்கு இணைப்பு வந்து அதைத் திருப்பிக் கொடுக்க மேலே போனபோதுதான் தெரிந்தது, அவளிடம் இரண்டாவது சிலிண்டர் இருந்ததே இல்லை. அத்தனை நாளும் ஒரு பழைய கரண்ட் அடுப்பில் கஞ்சி மட்டும் வைத்துக் குடித்திருக்கிறாள். கணவர் பஹ்ரைனில், பிள்ளைகள் இல்லை, கேட்க ஆள் இல்லை. நான் அழாத குறையாக, “ஏன்க்கா இப்படிச் செய்தீங்க?” என்றேன். “வெறுதே அதைப் பெரிசாக்காதே,” என்று சிலிண்டரை வாங்கிக்கொண்டாள்.

அன்று அவள் சொன்ன பொய்யை நான் பொய் என்றே எண்ணவில்லை. அன்பு என்று நினைத்தேன். இப்போதும் அது அன்புதான் என்று நினைக்கிறேன். எனக்கு இருக்கிற கஷ்டமே அதுதான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோடு ஓடுகிறது. காயலோடு சேர்கிற சின்ன வாய்க்கால். கடல்நீர் ஏறுகிற வேலியேற்றத்தில் நிரம்பும், இறக்கத்தில் சேறு தெரியும். அந்த வரிசையில் இருக்கிற எல்லா வீட்டு வாஷிங் மெஷின்களின் அழுக்குத் தண்ணீரும் அதில்தான் விழும். ஒருநாள் தண்ணீர் இறங்கியிருந்தபோது, ஓடைவாயில் இருந்த இரும்புக் கம்பிகளில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருப்பதை அக்கா பார்த்தாள். செத்த எலி என்று நினைத்துக் குச்சியால் இழுத்தாள். அது ஒரு முழ நீளத்துக்குப் போர்வைத் துண்டுபோல உரிந்து வந்தது.

அதை அப்படியே எடுத்துவந்து எங்கள் வாசலில் பேப்பர் விரித்துப் போட்டாள்.

“தொட்டுப் பாரு. இது அழுக்கில்லை, நூலாக்கும்.”

தொட்டுப் பார்த்தேன். காய்ந்த ஓரத்தைப் பிரித்தபோது உள்ளே நிறங்கள் தெரிந்தன. கொஞ்சம் நீலம், அது என் கணவரின் டிராக் பேன்ட். கொஞ்சம் சிவப்பு, பக்கத்து வீட்டு ஸுஹரா இத்தாவின் பேரப்பிள்ளைகளுடைய ஸ்வெட்டர். நாங்கள் எல்லோரும் துவைத்து அனுப்பியது அங்கே ஒன்றாகச் சேர்ந்து கிடந்தது.

அக்கா எங்கேயோ ஒரு வகுப்பில் இதைப்பற்றிக் கேட்டிருந்தாள். பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் எல்லாம் பிளாஸ்டிக்தான். ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகளாக உதிர்கிறது. பருத்தி இழை நாளாவட்டத்தில் மக்கிப்போகும், இது மக்காது. காயலில் இருக்கிற செம்மீன் என்கிற இறாலும் கக்கா என்கிற சிப்பியும் அதைத் தின்னும், அதை நாம் தின்போம். இதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை. அவளுக்கு ஒரு சின்ன கேள்விதான். எதை யார் எறிந்தாலும் கேட்பாள்: “அது எங்க போகும்?”

பிறகு எங்கள் வாழ்க்கை அந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடியது. முதலில் மெஷின் குழாயின் முனையில் மடித்த முண்டுத் துணியைக் கட்டினோம். அது சீக்கிரமே அடைத்துக்கொண்டு, தண்ணீர் எதிர்த்து வந்து என் குளியலறை முழுக்க நுரை. மாடியிலிருந்து ஓடிவந்த அக்கா, முழங்கால் வரை நைட்டியைத் தூக்கிக்கொண்டு, “வேலை செய்யுது, கேட்டியா! பிடிக்குது!” என்று கைதட்டினாள். நான் துடைப்பத்தோடு நின்றேன். பிறகு எங்கள் குடோனில் மிளகுத் தூள் சலிக்கிற மெல்லிய வலைத்துணி, கிழிந்ததென்று ஒதுக்கி வைத்தது, கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தேன். அக்கா அதைத் தலையணை உறைபோல நீளமான பைகளாகத் தைத்தாள். அது தண்ணீரை விட்டு, இழையில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது.

பை மட்டும் போதாது என்பாள். மெஷின் நிறையாமல் ஓட்டக் கூடாது, இடமிருந்தால் துணிகள் அடித்துக்கொண்டு இன்னும் உதிரும். சுடுதண்ணீர் வேண்டாம். ஒருமுறை உடுத்தியதற்காக உடனே துவைக்க வேண்டாம், வெயிலில் உதறிப் போட்டால் போதும். என் கணவர் ஒருநாள் சிரித்தார்.

“எங்க கடையில பாதிச் சரக்கு பாலியெஸ்டர்க்கா. அதை விக்காம இருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

“நீ வித்துக்கோ. துவைக்கிறதை நாங்க பார்த்துக்கறோம்.”

அந்த வரிசையில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். ஸுஹரா இத்தாதான் கடைசிவரை மறுத்தவர். அக்கா அவருக்குக் கண் ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனாள், பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் இத்தா வீட்டு மெஷினிலும் வலைப்பை ஏறியது.

ஒருமுறை நான் நிறைந்த பையை வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இந்தத் தண்ணியை எங்க கொட்டுவே?”

“குளியலறைக் குழியிலதான்க்கா.”

“குழி எங்க போகும்?”

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிடித்ததை அலசினால், பிடித்ததற்கே அர்த்தமில்லை. பையைக் காயவைத்து, பஞ்சை விரலால் உரித்தெடுத்து, உருட்டி, கவரில் போட்டுக் கட்ட வேண்டும். அன்று முதல் அப்படியே செய்தேன். கவர்களும் நான்தான் கொண்டுவந்தேன். குடோனில் மிளகு சாம்பிள் போடுகிற கட்டியான சின்னக் கவர்கள், ஓரத்தில் பச்சைக் கோடு போட்டவை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டு கொடுத்தேன்.

கவர்கள் சேர்ந்ததும் இயல்பாகவே அடுத்த கேள்வி வந்தது. இதை என்ன செய்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பெண்களும் எங்கள் மாடிப்படியில் கவர்களோடு நின்றோம். அக்காவின் கை நீண்டது.

“நான் ஏத்தாச்சு. ஆலுவாவுல ஒருத்தன் உண்டு. இந்தப் பஞ்சையெல்லாம் அமுக்கிப் பலகை செய்யறான். சுவருக்குள்ள வெச்சா சத்தம் கேக்காதாம்.”

எங்களுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்ல முடியாது. எங்கள் அழுக்கு எங்கேயோ ஒரு வீட்டுச் சுவருக்குள் போகிறது, அங்கே யாரோ அமைதியாகத் தூங்குகிறார்கள். முதல் இரண்டு மாதம் கவர்களை மாடியில் சேர்த்து வைத்தாள். பிறகு மாதம் ஒருமுறை பெரிய பையோடு காலையில் இறங்கிப் போவாள், மத்தியானம் வெறும் பையோடு திரும்புவாள். ஆலுவாக்காரரின் செய்தியும் கூடவே வரும். அவருடைய வேன் களமசேரி பக்கத்தில் நின்றுவிட்டது. அவருக்குச் சர்க்கரை, ஆனாலும் அக்கா கொண்டுபோன உண்ணியப்பத்தைத் தின்றார். மனைவிக்கு இது ஏழாம் மாதம். பிறகு ஒருநாள், “பெண் குழந்தையாக்கும்!” என்று படியிலிருந்தே கூவிக்கொண்டு வந்தாள்.

நான் அந்தக் குழந்தைக்கு ஒரு சட்டை தைத்தேன். வெள்ளைப் பருத்தி, கழுத்தைச் சுற்றி மஞ்சள் நூலில் சின்னப் பூக்கள். நான் பார்த்திராத ஒரு குழந்தைக்காக ஒரு வாரம் ஊசி பிடித்தேன். சட்டை கச்சிதமாக இருந்தது, தாய் கும்பிடு போட்டாள் என்று அக்கா வந்து சொன்னாள்.

“ஒருநாள் நாங்களும் வந்து பாக்குறோம்க்கா,” என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். ஒரு தடவை அங்கே வெள்ளம். ஒரு தடவை மெஷினுக்குக் கோளாறு. நான் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படுகிற மாதிரி அவள் என்னிடம் நடந்துகொண்டதே இல்லை.

மழைக்கு முன்னால் தோட்டைத் தூர்வார ஜேசிபி வந்தது. பின்பக்கத்துப் பாலத்தின் அடியில், ஆள் இல்லாத ஒரு பழைய குடோன் சுவரை ஒட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஜேசிபி என்றால் எந்த ஊரிலும் கூட்டம் கூடும். நான் வேலைக்குக் கிளம்பியவள், ஸுஹரா இத்தாவோடு பாலத்தில் நின்று பார்த்தேன். கருப்புச் சேறு, தேங்காய் மட்டை, ஒரு சைக்கிள் சக்கரம். அடுத்த அள்ளலில் சேற்றோடு கொத்துக்கொத்தாகக் கவர்கள் வந்து கரையில் விழுந்தன. டிரைவர் எட்டிப் பார்த்து, “இதெந்தா, பஞ்சோ?” என்றார்.

எல்லாக் கவர்களின் ஓரத்திலும் பச்சைக் கோடு.

இத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே இறங்கி ஒன்றைக் கையில் எடுத்தார். உள்ளே சிவப்புப் பஞ்சு. பேரப்பிள்ளைகளின் ஸ்வெட்டர்.

“மோளே, இது நம்முடெ கவரல்லே?”

என் கவர்களை அடையாளம் காண நான் பிரித்துப் பார்க்கத் தேவையே இல்லை. சாம்பிள் கட்டிக் கட்டிப் பழகிய கை, இரட்டை முடிச்சுத்தான் போடும். சில கவர்கள் கிழிந்து பஞ்சு சேற்றோடு கலந்திருந்தது. பல மாதங்களாக நாங்கள் பிடித்தது எல்லாம் அங்கேயேதான் இருந்தது.

ஒரு கவரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அவள் வீட்டு பால்கனியிலிருந்து அந்தப் பாலம் தெரியும். அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்திருந்தாள், இரண்டு பேருக்கு. என்னைப் பார்த்ததும் கவரை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

“ஆலுவாக்காரர்கிட்ட கொடுக்கலையாக்கா?”

அடுப்பைத் தணித்தாள். “அப்படி ஒருத்தன் இல்லை,” என்றாள்.

“எப்ப இருந்து இல்லை?”

“முதல்லேருந்தே.”

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

“முதல் மாசம் சத்தியமா அலைஞ்சேன். பிளாஸ்டிக் எடுக்க வர்ற பெண்ணுங்க, இது பஞ்சு, எங்களுக்கு வேண்டாம்னுட்டாங்க. கலூர்ல ஒரு பழைய சாமான் கடைக்காரன் கவரைப் பிரிச்சுப் பார்த்துச் சிரிச்சான். யாருக்கும் வேண்டாத சாதனம்.”

“அதை எங்ககிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்லும்? எல்லாரும் கவரோட படியில நிக்கறீங்க. இத்தா வரைக்கும் வந்து நிக்கறா. உங்க முகத்துல எல்லாம் அவ்வளவு சந்தோஷம். நான் ஏத்ததாச்சே.”

“அதுக்குத் தோட்டுலயா போடணும்?”

“ரெண்டு மாசம் உள்முறியில வெச்சிருந்தேன். கட்டிலுக்கு அடியில எல்லாம் நிறைஞ்சது. நீங்க கொண்டு வந்துட்டே இருந்தீங்க.”

எனக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. “நாங்க சும்மா விட்டிருந்தாலும் இதே தோட்டுக்குத்தானக்கா போயிருக்கும்? எதுக்கு வலை கட்டினோம்? எதுக்குக் காய வெச்சு, உருட்டி, முடிச்சுப் போட்டு… இப்ப கவரும் சேர்ந்துல்லா போயிருக்கு!” அன்று என் மணிக்கட்டைப் பிடித்து, குழி எங்கே போகும் என்று கேட்ட கை அது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் மடியில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். பிரிக்காமலே தெரிந்தது. வெள்ளைச் சட்டை, மஞ்சள் பூ, நான் மடித்த மடிப்பு கலையாமல்.

“இதை எறிய மனசு வரலை,” என்றாள்.

நான் சாயா குடிக்காமல் இறங்கி வந்தேன்.

அதன் பிறகு அக்காவோடு யாரும் சண்டை பிடிக்கவில்லை. யாரும் அவளிடம் எதையும் சொல்லவும் இல்லை. அவளைக் கண்டால் சிரித்துவிட்டுப் போனார்கள். அதைவிட எனக்கு வலித்தது வேறொன்று. ஸுஹரா இத்தா கத்தரிக்கோலால் தன் மெஷின் பையை வெட்டிக் கழற்றினார். நான் போய்க் கெஞ்சினேன். இதை வாயிறுகக் கட்டி, மக்காத குப்பையோடு சேர்த்து, வீட்டுக் குப்பை எடுக்க வருகிற வண்டியில் போட்டாலே போதும் இத்தா, தண்ணீருக்குப் போகாமல் இருந்தால் சரி என்று சொன்னேன். அவ்வளவுதான் விஷயம். அதை அக்கா அன்றே படியில் நின்று சொல்லியிருக்கலாம். பலகை வேண்டாம், ஆலுவா வேண்டாம். நாங்கள் சரி என்றிருப்போம்.

“நீ நல்லவளாணு மோளே,” என்றார் இத்தா. “பட்சே இனி ஆரு பறஞ்ஞாலும் ஞான் விஸ்வசிக்கில்லா.” யார் சொன்னாலும் இனி நம்ப மாட்டாராம். ஒவ்வொரு வீடாகப் பைகள் இறங்கின. இப்போது அந்த வரிசையில் என் குழாயில் மட்டும்தான் வலை இருக்கிறது.

என் கணவர், “விடு, பஞ்சுதானே,” என்றார். பஞ்சு மட்டும் என்றால் விட்டிருப்பேன்.

என் அம்மா கடைசிக் காலத்தில் எங்களோடு வந்து இருந்து, மட்டாஞ்சேரியில்தான் இறந்தாள். இந்த வலைப்பை விவகாரமெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் நடந்தது. நான் ஒரே பிள்ளை. காரியங்கள் எல்லாம் முடிந்து, அஸ்திக் கலயம் முற்றத்து மாமரத்தில் கட்டித் தொங்கியது. ஆற்றில் விட வேண்டியது மட்டும் பாக்கி. அதற்குள் எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். என் கணவர் என் கட்டிலை விட்டு நகர முடியாத நிலை. அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “நீ அம்மாவை நினைச்சுக் கிடந்து உருகாதே. ஆலுவாவுல, பெரியாத்துல நான் விட்டுட்டு வர்றேன். நான் ஏத்தாச்சு,” என்றாள். மறுநாள் சாயங்காலம் ஈரத்தலையோடு வந்து, முடிந்தது என்று சொன்னாள். அன்றுதான் நான் கண் மூடித் தூங்கினேன்.

ஜேசிபி வந்த நாளுக்குப் பிறகு அந்த ஈரத்தலை என் நினைவை விட்டுப் போகவில்லை. தலையை மாடிக் குழாயிலும் நனைக்கலாம். கலயத்தைப் பாலத்திலிருந்தும் விடலாம். இப்படி நினைக்கிற என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. கரையில் கொட்டிய சேறு காய்ந்து கிடந்த நாட்களில், வேலைக்குப் போகும்போது அதில் மண் ஓடு ஏதாவது தெரிகிறதா என்று என் கண் தேடியது. அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது இதைத்தான். என் அம்மா எங்கே போனாள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

கேட்கவும் பயம். மாதக்கணக்கில் மாடிப்படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டோம். பிறகு அவள் கணவர் பஹ்ரைனை விட்டு வந்துவிட்டார் என்றும், கலூரில் வீடு பார்த்துவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். சாமான் ஏற்றுகிற வண்டி வாசலில் நின்ற அன்று, இனி விட்டால் கேட்க முடியாது என்று மேலே போனேன். வீடு காலியாக இருந்தது. அவர் கீழே கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலடியில் தனியாக நின்றாள். இளைத்திருந்தாள்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அம்மாவை ஆலுவாவுக்குத்தான் கொண்டு போனீங்களா?”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். கண் கலங்கவில்லை, தாழவும் இல்லை.

“போனேன்,” என்றாள்.

எனக்கு அது போதுமாக இருந்தது. சத்தியம் கேட்க நினைத்து வந்தவள், அந்த ஒரு சொல்லிலேயே நம்பினேன். சரிக்கா என்று சொல்லி அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் பேசிக்கொண்டே போனாள்.

“அன்னிக்கு ஆத்துல வெள்ளம் ஜாஸ்தி, கேட்டியா. படியெல்லாம் வழுக்கல். அங்க கோயில்ல பூஜை செய்யற ஒரு வயசான சாந்திக்காரர், ஒரு கண்ணுல வெள்ளை விழுந்தவர், என் கையைப் பிடிச்சு மெல்ல இறக்கி விட்டார். பாவம், அவர் மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணமாம். பையன் எர்ணாகுளத்துல பாங்க்ல வேலை…”

வேன் நின்றுபோன கதையைச் சொன்ன குரல் அது. குழந்தை பிறந்த செய்தியோடு படியேறி வந்த குரல். அதே நிதானம், அதே கனிவு. சாந்திக்காரர் உண்மையிலேயே இருந்திருக்கலாம். அவருக்கு ஒரு மகளும் இருந்திருக்கலாம். எனக்குத்தான் இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

“போதும்க்கா,” என்றேன்.

அவள் காதில் அது விழவில்லை. கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நான் படியிறங்கத் தொடங்கினேன். அவள் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து, அந்தக் கல்யாணப் பெண்ணின் புடவை என்ன நிறம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.